செருப்புக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

தீபாவளி முடிந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி வேலையெல்லாம் ஒழிந்ததும் வரவு செலவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வந்த போனஸ் எந்த வழியாகப் போனது என்று தேடுவேன். துணி, எண்ணெய், பட்டாசு, நாத்தனார் வீட்டுக்கு வரிசை, சீட்டுப் பணம் என்று எழுதிக்கொண்டே வந்தால் கடைசியில் ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்கு இடிக்கும். இந்த வருடமும் இடித்தது.

அந்த நேரம் பார்த்து மகள் போனை நீட்டினாள். வேலூரில் பி.காம் கடைசி வருடம் படிக்கிறாள். அடுத்த மாதம் கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூ.

"ஃபார்மலா ஒரு ஷூ வேணும்மா. இதைப் பாரேன்."

பார்த்தேன். கறுப்பு நிறம், அழகாகத்தான் இருந்தது. விலை 1,899 ரூபாய். பக்கத்திலேயே குட்டியாக ஒரு பச்சை இலைப் படம். வீகன் லெதராம், பூமிக்கு இதமானதாம்.

"இதுல மாட்டுத் தோல் கிடையாதும்மா. டேனரி கழிவும் கிடையாது. நீதான் பாலாறு பாலாறுன்னு புலம்பறியே, அதுக்காகத்தான் தேடி எடுத்தேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருடமாக வேலை. இப்போது லைன் சூப்பர்வைசர். தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஊர் உலகமெல்லாம் லெதர் வேணாம்னு சொல்லிட்டா, உன் காலேஜ் ஃபீஸை யாரும்மா கட்டறது?"

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் சொன்னதிலும் தப்பில்லை, இவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் யார் பக்கம் பேசுவது என்று யோசிப்பதற்குள் வாசலில் சத்தம்.

"அக்கா, தண்ணி கேன்!"

இரண்டு கேன். 70 ரூபாய் கொடுத்தேன். வந்து உட்கார்ந்து நோட்டில் 'தண்ணீர் 70' என்று எழுதினேன். கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடமாக அந்த வரியை எழுதுகிறேன். அது செருப்புக் கணக்கோடு சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பருப்பு வேகாத வருடம்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். கொஞ்சம் நிதானமாகப் போகிறவர்களுக்குச் சாலையோர ஷூ கடைகளும் கண்ணில் படும். எங்கள் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு வரவேண்டும். சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். டிபன் பாக்ஸும் கையுமாகப் பெண்கள் இறங்குவார்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ யாரோ போட்டுக்கொள்ளப் போகிற ஷூவுக்குக் கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் எல்லாம் இவர்கள் கையில்தான். நானும் அந்த பஸ்ஸில் ஒன்பது வருடம் போனவள். மகள் பிறந்த பிறகுதான் நின்றேன்.

அதற்கு முன்னால் நாங்கள் விவசாயக் குடும்பம். பாலாற்றங்கரையில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர். தென்னை, நெல், ஓரமாகக் கொஞ்சம் கரும்பு. எண்பதுகளின் கடைசியில் கிணற்றுத் தண்ணீர் மாறியது. எங்களுக்கு அதை முதலில் சொன்னது பருப்பு. எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் வேகாது. அம்மா பருப்பைத் திட்டினாள், பிறகு கடைக்காரரைத் திட்டினாள், கடைசியில் விறகைத் திட்டினாள். அடுத்த வருடம் தென்னையில் குரும்பை உதிர ஆரம்பித்தது. அதற்கடுத்து வயலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. 1994-ல் வந்த விலைக்கு நிலத்தை விற்றார் அப்பா. வாங்கியவர் அதை மனையாகப் போட்டுவிட்டார்.

இரண்டு வருடத்துக்குள் அண்ணனும் நானும் ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டோம்.

எங்கள் நிலத்தை எடுத்ததும் தோல்தான், அதன் பிறகு சோறு போட்டதும் தோல்தான். என் கல்யாணத்துக்குப் போட்ட நகையில் பாதி, ஸ்டிச்சிங் மெஷின் முன்னால் உட்கார்ந்து நானே சம்பாதித்தது. அதனால்தான் "லெதர் பாவம்" என்று யாராவது சொன்னாலும், "தொழில்னா கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னாலும் எனக்கு ஒரே அளவு கோபம் வருகிறது.

9,000 ரூபாய் என்றால் எத்தனை கேன்?

தோல் எப்படித் தண்ணீரைக் கெடுக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவுவது. பிறகு முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும். பிறகு பதப்படுத்த குரோமிய உப்பு. பிறகு சாயம், எண்ணெய். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் கழிவுநீர் வெளியே வரும். பதப்படுத்திய தோல் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு விசாரித்தது. டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டம்தான் என்று சொன்னது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் எங்கள் ஊர் வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001-ல் அது சொன்ன கணக்கு: 29,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 27 கோடி ரூபாய். 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்கு. நிலம் கைமாறிப் போய்விட்டதால் எங்கள் அப்பா மனு போடவே இல்லை. கோடி என்றால் பெரிய தொகையாகத் தெரியும். அன்று ராத்திரி நோட்டின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 9,000 ரூபாய் சொச்சம்.

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு. மாதம் 12 கேன், ஒரு கேன் 35 ரூபாய். மாதத்துக்கு 420. வருடத்துக்கு 5,040. 2001-ல் ரூபாய்க்கு மதிப்பு அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியும் பாருங்கள்: நிலம் போய், கிணறு போய், ஏழு வருட விளைச்சல் போனதற்குப் போட்ட சராசரித் தொகை, இன்றைய விலையில் ஒரு வீட்டுக்கு இரண்டு வருடம் குடிக்கிற தண்ணீருக்குக்கூடக் காணாது.

இந்த நோட்டுப் பழக்கம் எனக்கு 2010-ல் வந்தது. அப்போது ஒரு கேன் 20 ரூபாய். பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, தண்ணீர் என்ற வரியை மட்டும் கூட்டினேன். 15 வருடத்தில் 58,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இது வேறு யாரோ கட்ட வேண்டிய செலவு. யார் கெடுத்தார்களோ அவர்களே கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட செலவு. அதை நாங்கள் மாதாமாதம் வாசலில் நின்று சில்லறையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாலாற்றங்கரையில் குடியிருக்கும் எங்களுக்குக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். அதுவும் வருகிற நாளில்தான்.

இலைப் படத்துக்குப் பின்னால்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் மகளும் சமாதானமாகிவிட்டார்கள். அவர் அந்த ஷூ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ரெக்ஸின்மா. பேர்தான் புதுசு" என்றார்.

பரணில் கிடந்த அவளுடைய பழைய ஸ்கூல் ஹேண்ட்பேகை எடுத்துக் காட்டினார். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே துணி தெரிந்தது. வீகன் லெதர் என்று விற்பதில் பெரும்பாலானது இதுதான். துணியின் மேல் பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. பூச்சு. இரண்டும் பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் சில வருடத்தில் உரிய ஆரம்பிக்கும். உரிந்ததைத் தைக்க முடியாது, பாலிஷ் போட முடியாது. குப்பைக்குத்தான் போகும், அங்கே மக்கவும் மக்காது. அன்னாசி இலை, காளான் என்று ஆராய்ந்து செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அதிலும் பூச்சுக்குப் பல நேரம் பிளாஸ்டிக்தான் சேர்க்கிறார்கள். 1,899 ரூபாய்க்குள் வருவது பெரும்பாலும் நம்ம பழைய ரெக்ஸின்.

பச்சை இலைப் படத்தை இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது என்பது பலருக்குத் தெரியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே விதிமுறைகள் வெளியிட்டது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று போட்டால், எப்படி உகந்தது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். விளம்பரத்திலோ, கியூஆர் கோடு மூலமாகவோ, இணைப்பு மூலமாகவோ அந்த விவரம் வாங்குகிறவருக்குக் கிடைக்க வேண்டும். மகள் அந்த நிறுவனத்துக்கு, "இதன் மேல்பகுதி எந்தப் பொருளால் ஆனது?" என்று ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது, ஒரு தள்ளுபடி கூப்பனோடு. பொருளின் பெயர் மட்டும் வரவில்லை.

அதற்காகத் தோல் என்றால் புனிதம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் இந்தப் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்தினார்கள். வாரக்கணக்கில் ஊற வேண்டும். அதிலும் கழிவு உண்டு, நாற்றமும் உண்டு. ஆனால் அதில் குரோமியம் இல்லை. 1970-களில், பாதி பதப்படுத்திய தோலாக ஏற்றுமதி செய்யாதீர்கள், முழுப் பொருளாகச் செய்து அனுப்புங்கள் என்று மத்திய அரசு கொள்கையை மாற்றியது. அதனால் வேலைகள் இங்கேயே பெருகின, நல்ல விஷயம். கூடவே குரோமியப் பதப்படுத்தலும் வேகமாகப் பரவியது. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ராணிப்பேட்டையில் டேனரிகளுக்குக் குரோமிய உப்புத் தயாரித்த ஆலை ஒன்று தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அது விட்டுப்போன இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு மலைபோல் அங்கேயே கிடந்து, மழைக்கு மழை நிலத்தில் இறங்கியது.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு நிலைமை முன்னைப்போல இல்லை என்பதும் உண்மை. பல டேனரிகள் சேர்ந்து பொது நிலையங்கள் அமைத்தன. ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. ஆனால் தண்ணீரைப் பிரித்தெடுத்தாலும் உப்பு மிச்சமாகிறது, கசடு மிச்சமாகிறது. 2015 ஜனவரி கடைசி நாள் விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படியொரு கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் டேனரியை ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை.

வேலையா, தண்ணீரா?

இவருக்குச் செப்டம்பரிலிருந்து ஓ.டி. கிடையாது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்ட பிறகு, அந்த நாட்டு ஆர்டர்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தன. எங்கள் வீட்டில் மாதம் மூவாயிரம் ரூபாய் குறைந்துவிட்டது. 2025-ல் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வந்தது. அதில் 420 தண்ணீருக்கே போய்விட்டது. அரசாங்கம் ஒரு கையில் கொடுக்கிறது, கெட்டுப்போன ஆறு இன்னொரு கையில் வாங்கிக்கொள்கிறது.

2025 செப்டம்பர் 22-லிருந்து 2,500 ரூபாய் வரையிலான செருப்பு, ஷூவுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். முன்பு ஆயிரத்தைத் தாண்டினாலே 18. நல்லதுதான், வாங்குகிறவர்களுக்கு மிச்சம். ஆனால் வரி குறைந்தது ஆவாரம் பட்டையில் பதப்படுத்தியதற்கும் ஒன்றுதான், ரெக்ஸினுக்கும் ஒன்றுதான். ஒழுங்காகச் சுத்திகரித்துச் செய்தவருக்கும் ராத்திரியில் திறந்துவிட்டவருக்கும் ஒரே வரி. செலவு செய்து ஒழுங்காக நடத்துகிறவர் விலையில் தோற்றுப்போனால், அடுத்த வருடம் அவரும் ஏன் செலவு செய்யப்போகிறார்? இதை என் வீட்டுக்காரர்தான் சொன்னார். தொழிலில் இருப்பவர் வாயிலிருந்தே வந்தது.

இதையெல்லாம் பேசும்போது யாராவது ஒருவர், "அப்படின்னா மூடிடலாமா? வேலை வேணுமா தண்ணி வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்பார். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறவர் யாரும் கேன் தூக்கியவராக இருந்ததில்லை. எங்கள் அப்பாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள், பிறகு வேலை கொடுத்தார்கள். இப்போது ஓ.டி.யும் போய், கேனுக்கும் காசு கொடுக்கிற நிலையில், இரண்டும் வேண்டும் என்று கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு ஜோடி ஷூ என்ன விலை என்று எழுதும்போது அதைச் செய்தவரின் கூலியும், அதற்குச் செலவான தண்ணீரைத் திருப்பிச் சுத்தமாக்குகிற செலவும் அதற்குள் இருக்க வேண்டும். இருந்தால் விலை கொஞ்சம் ஏறும். இல்லாவிட்டால் விலை குறையும், அந்த மிச்சம் என் நோட்டில் 'தண்ணீர்' என்ற வரியில் வந்து உட்காரும்.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 டிசம்பரில் தைவான் நிறுவனம் ஒன்றின் ஷூ தொழிற்சாலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். 1,500 கோடி முதலீடு, 25,000 வேலை என்றார்கள். தோல் இல்லாத ஷூ. வேலை வருவது சந்தோஷம். தண்ணீருக்கும் அந்த அளவுக்கு ஆபத்து இருக்காது. ஆனால் அந்த பிளாஸ்டிக் வெட்டுத்துண்டுகள் எங்கே போகும் என்பதை இப்போதே கேட்டுவிட வேண்டும். முப்பது வருடம் கழித்து இன்னொரு வழக்கு நடத்த எங்களுக்குத் தெம்பில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வழக்கே இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு. பாதிக்கப்பட்டவர்களில் இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைக் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1996-க்கும் 2025-க்கும் நடுவில் இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டுவிட்டன. 2019-ல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. பேரணாம்பட்டு வேலூரோடு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு, மேல்விஷாரம் ராணிப்பேட்டையோடு. ஆறு மட்டும் இன்னும் ஒன்றுதான்.

ஓட்டுக்குக் கொடுக்க வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட கட்டுக்கட்டான பணம் சிக்கியதால், 2019 ஏப்ரலில் நடக்க வேண்டிய எங்கள் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்டில் நடந்தது. எங்கள் தொகுதிக்கு அப்படியொரு பெயர். அதனால் ஒன்று சொல்கிறேன். ஓட்டுக்கு யாராவது 500 கொடுத்தால், அது எங்கள் வீட்டுக்கு 14 கேன். ஐந்து வாரம்தான் தாங்கும். ஐந்து வருட ஓட்டுக்கு ஐந்து வாரத் தண்ணீர்தான் என்றால் வியாபாரமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான்.

பரணில் கிடந்த ஜோடி

சரி, இன்டர்வியூவுக்கு ஷூ?

பேகை இறக்கும்போது கூடவே ஒரு பழைய அட்டைப்பெட்டியும் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலைக் கடையில் எனக்காக வாங்கிய கறுப்பு பெல்லி ஷூ. ஏற்றுமதியில் மிஞ்சியது. நல்ல தோல். சோல் தேய்ந்துவிட்டது என்று எடுத்து வைத்திருந்தேன். மகளுக்கு என் சைஸ்தான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை போட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் கொண்டுபோனோம். ஷூவைத் திருப்பிப் பார்த்தார், விரலால் அழுத்தினார்.

"மேல ஒண்ணும் ஆவலைம்மா. சோல் மாத்தினா இன்னும் ரெண்டு வருஷம் வரும். 220 ஆகும்."

"ரெக்ஸின்னா மாத்துவீங்களா தாத்தா?" என்று கேட்டாள் மகள்.

"மாத்தலாம். மேல உரிஞ்சிப் பூடுமே, எதுல தைக்கிறது?"

இவ்வளவு ஷூ செய்கிற ஊரில் பழுது பார்க்க உட்கார்ந்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். அவர் மகன் பெங்களூரில் டெலிவரி வேலைக்குப் போய்விட்டானாம்.

வீட்டுக்கு வந்ததும் மகளே நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டாள். பி.காம் படிக்கிறாள் அல்லவா. தெருவில் விற்கிற 450 ரூபாய் ஷூ ஐந்து மாதம் வந்தால், மாதத்துக்கு 90 ரூபாய். 1,899 ரூபாய் ரெக்ஸின் இரண்டு வருடம் வந்தால் மாதத்துக்கு 79. நல்ல தோல் ஷூ 2,400 கொடுத்து வாங்கி, இரண்டு முறை சோல் மாற்றி ஐந்து வருடம் ஓட்டினால் மாதத்துக்கு 47. பரணில் கிடந்ததற்குச் சோல் மட்டும் மாற்றினால் மாதத்துக்கு 9.

"அப்போ மலிவா வாங்கறவங்கதான் ஜாஸ்தி செலவு பண்றாங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம். ஆனால் அவர்களைக் குறை சொல்லக் கூடாது. முதல் நாளே 2,400-ஐ எடுத்துக் கீழே வைக்க முடிந்தால்தானே மாதம் 47 ஆகும்? கையில் 450 மட்டும் இருப்பவர் மாதம் 90 கட்டித்தான் ஆக வேண்டும். பசுமையாக வாழுங்கள் என்று சொல்கிறவர்கள் பல நேரம் இதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் சீட்டுக் கட்டுகிற பெண்கள் ஆறு பேரிடம் இதைச் சொன்னேன். குழந்தைகளின் ஸ்கூல் ஷூவுக்கென்று மாதம் நூறு ரூபாய் தனிச் சீட்டு ஆரம்பித்திருக்கிறோம். ஜூன் மாதம் ஒரே நேரத்தில், தைத்துப் போடக்கூடிய ஷூவாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று திட்டம். நடக்குமா என்று ஜூனில் சொல்கிறேன்.

நான் எனக்கென்று வைத்துக்கொண்ட பழக்கம் மூன்றுதான். வாங்கும் முன்னால் வீட்டில் கிடப்பதைத் தைக்க முடியுமா என்று பார்ப்பது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் விலையை மாதத்தால் வகுத்துப் பார்ப்பது. பச்சை இலை போட்டிருந்தால் எந்தப் பொருள் என்று கேட்பது, பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்வது. மகள் புகார் பதிந்துவிட்டாள்.

இந்த மூன்றாலும் பாலாறு சுத்தமாகிவிடாது. எங்கள் வீட்டுப் பணம் கொஞ்சம் மிச்சமாகும், குப்பை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆற்றுக்கு வேண்டியது கடையில் கிடைக்காது. அதை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம்தான் கேட்க வேண்டும்: ஜனவரி 30 தீர்ப்பில் சொன்னதில் எவ்வளவு நடந்தது? எங்கள் பகுதிக் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், முடிவு எங்கே? ஒழுங்காகச் சுத்திகரிக்கிற டேனரிக்கு என்ன சலுகை, திறந்துவிடுகிற டேனரிக்கு என்ன தண்டனை? என் வீட்டுக்காரரின் வேலை போகாமல் இதைச் செய்ய உங்களிடம் என்ன வழி இருக்கிறது?

இந்த நான்கையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மேலே கொட்டை எழுத்தில் ஒரு எண் போட்டிருக்கிறாள் மகள்: 5,040. இந்த வருடம் எங்கள் வீடு குடிக்கிற தண்ணீருக்குக் கட்டிய தொகை. வருகிறவர் எந்தக் கட்சியானாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டப்போகிறோம்.

உங்கள் வீட்டு எண் எவ்வளவு? இந்த மாதக் கணக்கு எழுதும்போது தண்ணீர் என்ற வரியை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.